வெந்நீர் ஏன் தீர்ந்து போகிறது?

ஐவர் கொண்ட ஒரு குடும்பம். குளியலறைச் சுவரில் 30 லிட்டர் கொள்ளும் மின் வெந்நீர்க் கலன் ஒன்று. காலையில் முதலில் குளிப்பவர்க்கு நல்ல சூடு கிடைக்கின்றது, இரண்டாமவர்க்கு இளஞ்சூடு, மூன்றாமவர்க்கு வெறுந் தண்ணீரே. உடனே, "கருவி கெட்டுவிட்டது" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். பழுது பார்ப்பவர் வருகின்றார், பணம் செலவாகின்றது, மறுவாரமும் மூன்றாமவர் குளிரில் நடுங்குகின்றார்.

இந்நிலைக்குக் காரணம் மூன்றனுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒன்று, கருவி நன்றாகவே இருக்கின்றது. நாம்தான் அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய வேலையை வாங்குகின்றோம். இரண்டு, கருவியில் உண்மையாகவே பழுது உள்ளது. மூன்று, அப்பழுது உயிருக்கே ஊறு செய்யும் வகையைச் சேர்ந்தது. இம்மூன்றையும் பிரித்தறிய விஞ்ஞானப் பட்டம் வேண்டுவதில்லை; ஐந்தாம் ஆறாம் வகுப்புக் கணக்கும் சிறிது உற்றுநோக்கும் பழக்கமும் போதும்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர்களாகிய நாம் முதலில் சொல்லைப் பார்ப்போம். 'வெந்நீர்' என்பது வெம்மை, நீர் என்னும் இரு சொற்கள் புணர்ந்தது. நன்னூலார் கூறும் பண்புப்பெயர்ப் புணர்ச்சிப்படி 'மை' ஈறு கெட்டு, நின்ற மகரமெய் நகரமாகத் திரிந்து வெந்நீர் ஆயிற்று. செம்மை, நீர் ஆகிய இரண்டும் செந்நீர் ஆனதும் இவ்வாறே. ஆதலின் 'வென்னீர்' என்று மாணவர் எழுதுவது பிழை.

'தண்ணீர்' என்பதோ தண்மையும் நீரும் சேர்ந்தது. குளிர்ந்த நீர் என்பதே அதன் நேர்ப்பொருள். அப்படியாயின் நம் வீடுகளில் வழங்கும் 'சுடுதண்ணீர்' என்னும் சொல் 'சூடான குளிர்நீர்' என்று முரண்படுகின்றதே எனக் கேட்கலாம். வழக்கு வென்றுவிட்ட சொல்லோடு நாம் வழக்காட வேண்டுவதில்லை. ஆனால் பாதி பயன்படுத்திய வெந்நீர்க் கலனுள் மேலே வெந்நீரும் கீழே தண்ணீரும் ஒன்றாக இருப்பதைக் காணுங்கால், அந்தச் சொல் அத்துணைப் பிழையன்று என்றே தோன்றும். அஃது எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழ்நாட்டில் இக்கருவியைக் 'கீசர்' என்பர். ஐசுலாந்து நாட்டில் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் அது. 1868ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் வாயுவால் எரியும் வெந்நீர்க் கருவி ஒன்றை அமைத்து, அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் 'வாட்டர் ஹீட்டர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

பழைய செம்புப் பாய்லர் கற்பிக்கும் பாடம்

மின்சாரம் பரவுமுன் தமிழர் இல்லங்கள் பலவற்றில் செம்பாலான பாய்லர் இருந்தது. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழல் செல்லும். அதனுள் கரியோ விறகுச் சிராயோ எரியும். குழலைச் சுற்றி நீர் நிற்கும். ஒருபுறம் புனல், மறுபுறம் மூக்கு என அமைந்த பாய்லர்களில், புனல் வழியே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், மூக்கின் வழியே ஒரு செம்பு வெந்நீர் வெளிவரும். ஊற்றியது குளிர்ந்த நீர். வந்தது சூடான நீர். சிறுவர்க்கு இது மாயமாகவே தோன்றும்.

மாயம் ஒன்றுமில்லை. புனலின் குழாய் பாய்லரின் அடிவரை செல்கின்றது. தண்ணீர் வெந்நீரைவிடக் கனமானது. 28 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 996 கிராம் எடையுள்ளது. 60 பாகைச் சூட்டில் அதே ஒரு லிட்டர் 983 கிராமே இருக்கும். வேறுபாடு 13 கிராம்தான். எனினும் அச்சிறு வேறுபாடே கனமான தண்ணீரை அடியில் நிறுத்தி, இலேசான வெந்நீரை மேலே மிதக்க வைக்கின்றது. அடியில் புகும் தண்ணீர், தன்மேல் நிற்கும் வெந்நீரை மேலே தள்ளி வெளியேற்றுகின்றது.

இன்றைய மின் கலனும் இதே முறையில்தான் இயங்குகின்றது. சுவரில் நிமிர்ந்து நிற்கும் கலனைப் பாருங்கள். இரண்டு குழாய்கள் அதன் அடிப்பக்கத்தில் நுழைகின்றன. தண்ணீர் கொணரும் குழாய் குட்டையானது, அடியிலேயே நின்றுவிடும். வெந்நீர் எடுக்கும் குழாய் உள்ளே நெடிதாக உயர்ந்து, உச்சி வரை சென்று, அங்குள்ள மிகச் சூடான நீரை எடுத்து வருகின்றது. நாம் குழாயைத் திறந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக ஒரு லிட்டர் தண்ணீர் அடியில் புகுகின்றது. ஆகவே கலன் ஒருபோதும் காலியாவதில்லை. 'வெந்நீர் தீர்ந்துவிட்டது' என்று நாம் சொல்லும்போதும் அது நிறையவே இருக்கின்றது. தீர்ந்தது நீரன்று, வெப்பமே தீர்ந்தது.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக், வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று தெளிவுபடுத்தினார். ஒரு குவளை நீரும் ஓர் அண்டா நீரும் ஒரே 60 பாகைச் சூட்டில் இருக்கலாம். வெப்பமானி இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டும். ஆயினும் அண்டா நீரை அந்நிலைக்குக் கொணர எரித்த விறகு எத்துணை, குவளை நீருக்கு எரித்தது எத்துணை என்பதை அடுப்படியில் நின்றவர் அறிவர். வெப்பநிலை என்பது எவ்வளவு சூடு என்பதைக் குறிப்பது. வெப்பம் என்பது எவ்வளவு சேமிப்பு என்பதைக் குறிப்பது.

ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் உண்ணும் மின்சாரம், 860 கிலோகலோரி தரும். இவ்விரண்டு எண்களையும் கொண்டே நம் வீட்டுக் கலனின் வரவு செலவை எழுதிவிடலாம்.

சமவெளியில் குழாய் நீர் 28 பாகை என்று கொள்வோம். 30 லிட்டர் நீரை 60 பாகைக்கு உயர்த்த வேண்டும். உயர்வு 32 பாகை. 30ஐ 32ஆல் பெருக்க 960 கிலோகலோரி. அதை 860ஆல் வகுக்க ஏறத்தாழ 1.1 யூனிட். கலனின் ஆற்றல் 3 கிலோவாட் எனின், முழுக் கலனும் சூடாக ஏறத்தாழ 22 நிமிடம்; 1.5 கிலோவாட் எனின் 45 நிமிடம்.

இனி, 60 பாகை நீரில் எவரும் குளிப்பதில்லை. 40 பாகைக்குக் குறைய அதில் தண்ணீர் கலக்கின்றோம். 28 பாகைத் தண்ணீருடன் கலக்குங்கால், எட்டுப் பங்கில் மூன்று பங்கு வெந்நீரும் ஐந்து பங்கு தண்ணீரும் சேர்ந்தால் 40 பாகை கிடைக்கும். ஆகவே 30 லிட்டர் வெந்நீர், 50 லிட்டர் தண்ணீருடன் கூடி, 80 லிட்டர் குளியல் நீராகின்றது. ஆனால் வெந்நீரும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் ஓரளவு கலப்பு நேர்ந்தே தீரும். முக்கால் பங்கே பயனாகும் என்று கொண்டால் 60 லிட்டர். பூத்தூவல் குழாயில் நிமிடத்துக்கு 8 லிட்டர் பாய்கின்றது எனின், ஏழரை நிமிடத்தில் அது முடிந்துவிடும். இருவர் தலைக்கு நான்கு நிமிடம் நின்றால், இரண்டாமவர் குளியலின் இறுதியிலேயே சூடு குறையும். மூன்றாமவர்க்குத் தண்ணீர் கிடைப்பதில் வியப்பென்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

கேமரன் மலை போன்ற உயர்ந்த இடங்களில் கணக்கு மாறுகின்றது. அங்குக் குழாய் நீர் 20 பாகை என்று கொண்டால், பாதிக்குப் பாதி கலந்தால்தான் 40 பாகை வரும். அதே 30 லிட்டர் கலன் 80 லிட்டருக்குப் பதில் 60 லிட்டர் குளியல் நீரே தரும். மீண்டும் சூடாக 22 நிமிடத்துக்குப் பதில் 28 நிமிடம் எடுக்கும். வெந்நீர் எங்கு மிகுதியும் வேண்டப்படுகின்றதோ, அங்கேயே அது குறைவாகக் கிடைக்கின்றது. மலைநாட்டு வீட்டுக்குக் கலன் வாங்குவோர் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

கலன் இல்லாத கருவி

நம் வீடுகள் பலவற்றில் இருப்பது கலனில்லாத, உடனுக்குடன் சூடாக்கும் சிறு பெட்டி. இதில் வெந்நீர் 'தீர்ந்து' போவதில்லை. ஆனால் 'போதாமல்' போகின்றது. 3.6 கிலோவாட் பெட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 52 கிலோகலோரி தரும். நிமிடத்துக்கு 4 லிட்டர் பாய்ந்தால் நீர் 13 பாகை உயரும், 28 பாகை நீர் 41 ஆகும், இதமான குளியல். "நிறைய வரட்டும்" என்று குழாயை மேலும் திருகி 6 லிட்டராக்கினால், உயர்வு 9 பாகைக்கும் குறைந்துவிடும்; நீர் 37 பாகையைத் தொடாது. சூடு போதவில்லையெனில் இக்கருவியில் செய்யத்தக்கது குழாயைக் குறைப்பதே. மலைநாட்டில் 20 பாகை நீரை இதே பெட்டி 4 லிட்டர் ஓட்டத்தில் 33 பாகைக்கே உயர்த்தும். அது பெட்டியின் குற்றமன்று.

பழுதை அறியும் வழி

கணக்குப்படி கிடைக்க வேண்டிய வெந்நீர் கிடைக்கவில்லையெனில், பழுதைத் தேடலாம். அறிகுறிகளை முறையாகக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதற்குழாய் நீரே சூடாக இல்லையா? மின்சாரம் வருகின்றதா, பாதுகாப்புத் துண்டிப்பான் விழுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். துண்டிப்பான் மீண்டும் மீண்டும் விழுமாயின் மின்சாரம் எங்கோ கசிகின்றது என்பது பொருள். அதனை வலிந்து மேலே தள்ளிக்கொண்டிருத்தல் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழைத்தல் வேண்டும். துண்டிப்பான் விழாமலே சூடில்லையெனில், உள்ளிருக்கும் சூடாக்கும் கம்பி கருகியிருக்கலாம். மிகு வெப்பத்தில் தானே துண்டித்துக்கொள்ளும் உட்கருவியும் விழுந்திருக்கலாம்.

முதலில் வரும் நீர் நன்றாகச் சுட்டு, முன்னைவிட மிக விரைவில் ஆறிவிடுகின்றதா? உச்சி வரை செல்லும் நெடுங்குழாய் அரித்து உடைந்திருக்கலாம். அப்பொழுது வெளிக்குழாய் உச்சியிலுள்ள வெந்நீரை விடுத்து, இடையிலுள்ள கலப்பு நீரை இழுத்துவிடும். அல்லது அடியில் சுண்ணாம்பும் வண்டலும் படிந்து கலனின் கொள்ளளவைத் தின்றிருக்கலாம். சுண்ணாம்புச் சத்துள்ள நீர் சூடாகும்போது அச்சத்து வெள்ளைப் பொருக்காகப் பிரிந்து படிவதைப் பழைய கெண்டிகளின் உட்புறத்தில் யாவரும் கண்டிருப்பர். அப்பொருக்கு சூடாக்கும் கம்பியை மூடினால் கம்பியின் ஆயுளும் குறையும்.

நீரின் அளவு குறையவில்லை, ஆனால் தொடக்கமுதலே சூடு குறைவா? வெப்பநிலையைக் காக்கும் கருவி, அதாவது தெர்மோஸ்டாட், முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துகின்றது. 60 பாகையில் நிற்க வேண்டியது 50 பாகையில் நின்றால், சமவெளியில் 80 லிட்டர் கிடைத்த இடத்தில் ஏறத்தாழ 55 லிட்டரே கிடைக்கும்.

கலனில் குறையொன்றும் காணப்படவில்லையா? கலக்கும் குழாயை ஐயுறுக. தண்ணீரும் வெந்நீரும் ஒரே பிடியில் கலக்கும் குழாய் தேய்ந்துவிட்டால், தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும. சோதிப்பது எளிது. கலனின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதற்குத் தண்ணீர் செல்லும் அடைப்பானை மூடுக. பின்னர் வெந்நீர்க் குழாயைத் திறக்க. சிறிது நேரத்தில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்குமாயின், தண்ணீர் குறுக்கு வழியில் வருகின்றது என்பது உறுதி. சோதனை முடிந்ததும் அடைப்பானைத் திறந்து, கலன் நிறைந்து வெந்நீர்க் குழாயில் நீர் சீராக வந்த பின்னரே மின்சாரத்தைப் போடுக.

சொட்டும் வெந்நீர்க் குழாயையும் புறக்கணித்தல் கூடாது. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனின், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாளொன்றுக்கு 4 லிட்டருக்குமேல் வெந்நீர் வீணாகும்.

உயிரோடு தொடர்புடைய நான்கு செய்திகள்

முதலாவது, சிக்கனம் கருதித் தெர்மோஸ்டாட்டை மிகத் தாழ்த்திவிடுதல் நன்றன்று. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர் பலர் கடும் நுரையீரல் நோயால் மாண்டனர். மறு ஆண்டு அதற்குக் காரணமான நுண்ணுயிர் கண்டறியப்பட்டது; பின்னர் அது 'லெஜியோனெல்லா' எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 20 முதல் 45 பாகை வரையுள்ள, தேங்கிய நீரில் அது பெருகும். 60 பாகையில் விரைவில் மடியும். சேமிப்பது 60 பாகையில், குளிப்பது 40 பாகையில் என்பதே பொருந்திய முறை.

இரண்டாவது, அந்த 60 பாகை நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு அதனினும் குறைந்த நேரம் போதும். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றிப் பின்னரே வெந்நீரைச் சேர்க்க வேண்டும். முழங்கை நனைத்துப் பார்த்தபின்பே குழந்தையை இறக்க வேண்டும். வெந்நீர் பற்றவில்லை என்று தெர்மோஸ்டாட்டை 70 பாகைக்கு உயர்த்தினால், சமவெளியில் 80 லிட்டர் 105 லிட்டராகும் என்பது கணக்குக்குச் சரி; வீட்டில் குழந்தையும் முதியோரும் இருப்பின் அந்த 25 லிட்டர் மிக விலையுயர்ந்தது.

மூன்றாவது, கலனின் காப்பு அடைப்பான். நீர் சூடாகுங்கால் விரியும். 30 லிட்டர் நீர் 28இலிருந்து 60 பாகைக்குச் செல்லுங்கால் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் மிகும். சூடாகும் நேரத்தில் அடைப்பான் வழியே சிறிது நீர் கசிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. "ஒழுகுகின்றது" என்று அதைக் கட்டி அடைப்பதே அஞ்சத்தக்கது. தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் கொதிக்கத் தொடங்கினால், நீராவி நீரைப்போல் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். போக்கிடமில்லாத கலன் வெடிகுண்டுக்கு ஒப்பாகும்.

நான்காவது, ஈரமும் மின்சாரமும், மூடிய அறையும் வாயுவும். நில இணைப்பும், மின்கசிவில் துண்டிக்கும் கருவியும் இன்றி எந்த வெந்நீர்க் கருவியும் இயங்கலாகாது. குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி உகந்தது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். வாயுவால் எரியும் கருவியாயின், புகைபோக்கியும் காற்றோட்டமும் இன்றியமையாதன. அரைகுறையாக எரியும் வாயு கரியோரொட்சைடு என்னும் நஞ்சை வெளிப்படுத்தும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதிச் செந்நிறப் பொருள் உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அதைப் பற்றிக்கொள்ளும். குளிக்கும்போது தலைவலியும் மயக்கமும் தோன்றினால், குளியலை நிறுத்தி உடனே வெளியேற வேண்டும்.

வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் யார்?

கருவி நன்றாக இருந்து, ஆட்களே மிகுதி எனின், பெரிய கலன் வாங்குவது ஒரு வழி. கூரையில் கதிரவன் வெப்பத்தால் இயங்கும் கலன் அமைப்பது மற்றொரு வழி. மழைநாளில் அதற்கும் மின்துணை வேண்டும். செலவில்லாத வழிகளும் உள. 10 லிட்டர் வாளியைப் பூத்தூவலின் கீழ் வைத்து, நிறைய எத்துணை நொடி ஆகின்றதென்று பாருங்கள். 75 நொடி எனின் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டம். அதை 6 லிட்டராகக் குறைத்தால் ஏழரை நிமிடக் குளியல் பத்து நிமிடமாகும். இருவர் குளித்தபின் 25 நிமிடம் இடைவெளி விட்டால் 3 கிலோவாட் கலன் மீண்டும் நிறைந்த சூட்டுக்கு வந்துவிடும். ஐவரில் இருவர் மாலையில் குளிக்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத வீட்டில் நிகழ்வது என்ன? வேலைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் முந்திக்கொள்கின்றனர். யாவரையும் அனுப்பிவிட்டு, பாத்திரம் துலக்கி, துணி துவைத்துக் கடைசியாகக் குளிக்க வருபவர் அன்னையோ பாட்டியோதான். வெந்நீரின் ஒத்தடம் மிகுதியும் வேண்டும் மூட்டுகள் அவர்களுடையவை. கடைசித் தண்ணீரும் பெரும்பாலும் அவர்கள் பங்கே. அவர்கள் முறையிடுவதில்லை; ஆகவே கருவியில் குறையிருப்பதும் வெளியே தெரிவதில்லை. பழுதைத் தேடப் புறப்படுபவர் முதலில் குளிப்பவரைக் கேட்டுப் பயனில்லை. கடைசியாகக் குளிப்பவரையே கேட்டல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பறைக்கும் கொண்டு செல்லலாம். ஒரு கடிகாரம், ஒரு வாளி, ஒரு வெப்பமானி ஆகிய மூன்றே கருவிகள். பெற்றோர் உடனிருக்க, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் வீட்டுக் குழாயின் ஓட்டத்தையும், தண்ணீரின் வெப்பநிலையையும், கலனின் மேல் எழுதியுள்ள லிட்டர் அளவையும் கிலோவாட் அளவையும் குறித்து வரட்டும். பெருக்கலும் வகுத்தலும் விகிதமும் கலவைக் கணக்கும் அதிலேயே அடங்கும். அத்துடன், வீட்டில் யார் எந்த முறையில் குளிக்கின்றார் என்று ஒரு பட்டியலையும் எழுதச் சொல்லுங்கள். கணக்கை முடித்தபின், அப்பட்டியலை எப்படி மாற்றினால் ஐவர்க்கும் வெந்நீர் கிடைக்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவர்.